தொடாமல் பார்த்தால் குற்றமில்லையா?



சென்ற மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலைச் செபமாலை முடிந்து ஆலயக் கதவைச் சாத்தப்போகும் வேளையில், ஒரு தம்பதியர் என்னைத் தேடி வந்தார்கள். கண்டி நகருக்கு அப்பால் உள்ள ஒரு பங்கைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். ஊரையும் பேரையும் தொழிலையும் சொல்லப்போவதில்லை. திருமணமாகிப் பதினொரு ஆண்டுகள், பிள்ளை இல்லை. நகைகளை அடகு வைத்து, கடனும் பட்டு, சென்னைக்குச் சென்று சிகிச்சை செய்துகொண்டு திரும்பியிருக்கிறார்கள். என்னிடம் கேட்டுவிட்டுப் போகவில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்பது தெரிந்துதான் கேட்காமல் போனோம் என்று கணவர் ஒளிக்காமல் சொன்னார்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். அதில் ஐந்து வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஓர் இலக்கமும் இரண்டு எழுத்துக்களும். ஐந்தாம் வரியில் மட்டும் எழுத்துக்களுக்குப் பதிலாக, வளர்ச்சி நின்றுவிட்டது என்று குறித்திருந்தது. மற்றைய நான்கும் உறைய வைக்கப்பட்டு அங்கே பத்திரமாக இருக்கின்றனவாம். எதை முதலில் கருப்பையில் வைப்பது என்று தீர்மானிக்க வேண்டும். அதற்கு ஒரு புதிய பரிசோதனை உண்டு. விருப்பமானால் உறை எடுத்து, மேலும் சிறிது நேரம் வளர்த்துப் பார்த்துச் சொல்வோம் என்று அங்கே கூறியிருக்கிறார்கள்.

"ஃபாதர், முன்பெல்லாம் கருவிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளியெடுத்துத்தான் பார்ப்பார்களாம். அது சரியில்லை என்று எங்களுக்கும் படுகிறது. இப்போது வந்திருப்பதில் கருவைத் தொடுவதே இல்லையாம். அது கிடந்த திரவத்தை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்களாம். அப்படியானால் அதில் குற்றமில்லைத்தானே?"

கேட்டவர் மனைவி. நான் உடனே விடை சொல்லவில்லை. அம்பிட்டிய குருமடத்தில் அறநெறியியல் படித்த நாட்களில் இதையொத்த வினா பரீட்சைக்கு வந்ததும், நான்கு பக்கம் எழுதி நல்ல புள்ளிகள் வாங்கியதும் நினைவில் இருக்கின்றன. ஆனால் அந்த வினாத்தாளின் முன்னால் ஒரு பெண் கைக்குட்டையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பத்து நாள் அவகாசம் தாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பத்து நாட்களில் படித்ததையும் நினைத்ததையும் உங்கள் முன் வைக்கிறேன். நம் குடும்பங்களில் இக்கேள்வியை மனத்துக்குள் வைத்துக்கொண்டிருப்பவர்கள் இவர்கள் இருவர் மட்டுமல்லர்.

முதலில் காரியம் என்னவென்று தெரிந்துகொள்வோம். பெண்ணிடமிருந்து எடுத்த சூலும் ஆணின் விந்தும் ஒரு கண்ணாடித் தட்டிலே சேர்க்கப்படுகின்றன. கருக்கட்டியதும் அது ஒரே கலம். இரண்டாம் நாளில் நான்காகவும் மூன்றாம் நாளில் எட்டாகவும் பிரிகிறது. ஐந்தாம் நாளில் நூறு கலங்களுக்கு மேல் கொண்ட நீர்க்குமிழி போன்ற ஓர் உருவம். குமிழியின் உட்புறம் ஒட்டியிருக்கும் சிறு கூட்டம் பிள்ளையாகிறது, வெளிச்சுற்று நச்சுக்கொடியாகிறது. நம் பாடப்புத்தகங்களில் முளையம் என்று சொல்வது இதைத்தான். அந்தத் தாளில் கண்ட இலக்கம் குமிழி எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதையும், எழுத்துக்கள் உட்கூட்டமும் வெளிச்சுற்றும் எவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன என்பதையும் குறிக்கின்றன.

எல்லா முளையங்களும் பிள்ளையாவதில்லை. எனவே எது பிழைக்கும் என்று முன்கூட்டியே அறிய வைத்தியர்கள் ஆசைப்பட்டது இயல்பே. தொடக்கத்தில் அவர்களுக்கு இருந்த கருவி கண் ஒன்றுதான். 1978 ஜூலை 25ஆம் திகதி இங்கிலாந்தில் உலகின் முதலாவது சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது எல்லாருக்கும் தெரியும். அதற்கு இரண்டு மாதத்துக்குச் சற்றுப் பின்னால், அக்டோபர் 3ஆம் திகதி, கல்கத்தாவில் டொக்டர் சுபாஷ் முகோபாத்யாய் என்பவருடைய முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் எட்டுக் கலங்கள் கொண்ட முளையத்தை உறைய வைத்து, ஐம்பத்து மூன்று நாட்களின் பின் உறை நீக்கி, தாயின் கருப்பையில் வைத்தார். உறை நீங்கிய அந்தத் துளியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க அவருக்கு இருந்தது நுணுக்குக்காட்டி மட்டுமே. மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. பொய்யர் என்ற பேருடன், சம்பந்தமே இல்லாத ஒரு கண் வைத்திய நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார். 1981 ஜூன் மாதம் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1986இல் பம்பாயில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதலாவது என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அந்தப் புகழுக்கு உரியவரான விஞ்ஞானி டி.சி. ஆனந்த்குமாரே 1997இல் முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதலிடம் அவருக்கே என்று பகிரங்கமாகச் சொன்னார். அவர்கள் செய்த வேலையைப் பற்றி என் கருத்து எதுவாயினும், அந்த ஒரு செயலுக்காக ஆனந்த்குமாரை நான் மதிக்கிறேன். தென்னிந்தியாவுக்கு இச்சிகிச்சை 1990இல் வந்தது. சென்னையில் அதைச் செய்தவர் டொக்டர் கமலா செல்வராஜ், நம் பெற்றோர் திரையில் கண்ட ஜெமினி கணேசனின் மகள்.

கண்ணால் பார்த்து மட்டும் சொல்வது போதவில்லை என்று கண்ட பின்னர், முளையத்தின் ஓட்டில் லேசர் கதிரால் துளையிட்டு, வெளிச்சுற்றிலிருந்து ஐந்து முதல் பத்துக் கலங்களைப் பிய்த்தெடுத்து, நிறமூர்த்தங்களை எண்ணிப் பார்க்கும் முறை பரவியது. இதைத்தான் அந்தச் சகோதரி கிள்ளியெடுப்பது என்று சொன்னார். இதற்கு மாற்றாகத்தான் தொடாமல் பார்க்கும் முறைகள் வந்தன. வளர்ப்புப் பெட்டிக்குள்ளேயே கமெரா வைத்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை படமெடுத்து, கலம் எந்நேரத்தில் பிரிந்தது என்று பார்ப்பது ஒன்று. அந்தப் படங்களைக் கணினியிடம் கொடுத்து, செயற்கை நுண்ணறிவு கொண்டு புள்ளி போடுவது இன்னொன்று. முளையம் வளர்ந்த திரவத்தில் அது உதிர்த்த டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடிப் பிடித்து வாசிப்பது வேறொன்று. தம்பதியருக்குச் சொல்லப்பட்டது இந்தக் கடைசி முறை.

இவை எவ்வளவு உண்மை சொல்கின்றன? நான் வைத்தியன் அல்லன். எனினும் வெளியான முடிவுகளை வாசிக்க முடிந்தது. படமெடுக்கும் பெட்டியை நெதர்லாந்தில் 1731 தம்பதியரிடமும், பிரித்தானியாவிலும் ஹொங்கொங்கிலும் 1575 பேரிடமும் சோதித்து 2023இலும் 2024இலும் அறிவித்தார்கள். பழைய முறையைவிடக் கூடுதலாகப் பிள்ளைகள் கிடைக்கவில்லை. அதே 2024இல் அவுஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலுமாகப் பதினான்கு நிலையங்களில் 1066 பெண்களிடம் கணினியின் தெரிவையும் மனிதரின் தெரிவையும் ஒப்பிட்டார்கள். கணினி தெரிந்தவற்றில் நூற்றுக்கு 46.5 பேருக்கும், மனிதர் தெரிந்தவற்றில் 48.2 பேருக்கும் கரு தங்கியது. கணினி மனிதருக்குக் குறைந்ததல்ல என்று அந்த ஆய்வினால் நிறுவ முடியவில்லை. ஆனால் மனிதருக்கு ஏறக்குறைய மூன்றரை நிமிடம் எடுத்த வேலையைக் கணினி இருபத்தொரு விநாடியில் முடித்தது. இந்த இருபத்தொரு விநாடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரவப் பரிசோதனைக்கோ இன்னொரு சங்கடம் உண்டு. அத்திரவத்தில் தாயின் சூலைச் சூழ்ந்திருந்த கலங்களின் டி.என்.ஏ.யும் கலந்துவிடக்கூடும். பிள்ளையை வாசிப்பதாக நினைத்துத் தாயை வாசித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல நேரலாம்.

கிள்ளியெடுத்துப் பார்க்கும் முறைகூடத் தவறியதுண்டு. 2015இல் இத்தாலிய வைத்தியர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நல்ல கலங்களும் பிழையான கலங்களும் கலந்திருப்பதாகக் கண்ட முளையங்களை, வேறு முளையம் இல்லாத பதினெட்டுப் பெண்களிடம், அவர்கள் சம்மதத்துடன் வைத்தார்கள். ஆறு குழந்தைகள் பிறந்தன; ஆறும் சுகதேகிகள். அதுவரை அப்படிப்பட்ட முளையங்கள் பெரும்பாலும் குப்பைக்கே போயிருந்தன.

ஆனாலும் பரிசோதனை பிழையானது என்பதே என் வாதமாக இருக்குமானால், நாளை அது திருத்தமடைந்ததும் என் வாதம் விழுந்துவிடும். ஆகவே அது நூற்றுக்கு நூறு சரியாகச் சொல்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தச் சகோதரியின் கேள்வி நிற்கிறது. தொடவில்லை, காயப்படுத்தவில்லை, பிறகென்ன?

இக்கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளாமல் மேலே போகக்கூடாது. 1987 பெப்ரவரி 22ஆம் திகதி விசுவாசக் கோட்பாட்டுச் சபை, உயிர் என்னும் கொடையைப் பற்றி ஓர் ஏட்டை வெளியிட்டது. பிறக்கு முன் செய்யும் பரிசோதனைகளை அந்த ஏடு ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. கருவின் உயிருக்கும் உடலுக்கும் ஊறு செய்யாமல், அதைக் காப்பதற்கோ குணமாக்குவதற்கோ செய்யப்படுமானால் ஆகும் என்றது. ஆகவே ஊறு செய்யாமை என்பது அற்பமான காரியம் அல்ல. ஓட்டில் துளையிட்டுக் கலங்களைப் பிய்ப்பதைவிட, திரவத்தை எடுத்துப் பார்ப்பது மேலானதுதான். ஒரு குற்றச்சாட்டு இங்கே விழுந்துவிடுகிறது. ஆனால் திருச்சபை இரண்டு நிபந்தனைகளை வைத்தது. ஊறு செய்யாமை முதலாவது. எதற்காகப் பார்க்கிறோம் என்பது இரண்டாவது. நம் காலத்தில் முதலாவதை நிறைவேற்றிவிட்டு, இரண்டாவதும் தானாகவே நிறைவேறிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம்.

இதற்கு ஓர் உதாரணம் நம் அயலிலேயே உண்டு. ஸ்கான் என்னும் கருவி யாரையும் தொடுவதில்லை. ஒலியலையை அனுப்பிப் பார்க்கிறது, அவ்வளவுதான். பேராதனை வைத்தியசாலையில் எத்தனையோ தாய்மார் அதனால் பிழைத்திருக்கிறார்கள். பிள்ளை குறுக்கே கிடக்கிறதா, நச்சுக்கொடி வழியை மறைக்கிறதா என்று முன்பே தெரிந்துகொண்டதால் பிழைத்திருக்கிறார்கள். அக்கருவிக்காக நான் இறைவனுக்கு நன்றி சொல்வேன். இந்தியாவில் நடந்ததையும் பாருங்கள். முன்னர் கருவின் பாலை அறிய வயிற்றில் ஊசியேற்றிப் பனிக்குட நீரை எடுக்க வேண்டியிருந்தது. ஆபத்தான வேலை, பெரிய நகரங்களில் மட்டும் நடந்தது. பிறகு ஸ்கான் வந்தது. வலியில்லை, ஆபத்தில்லை, செலவு குறைவு. சிற்றூர்களுக்கெல்லாம் போயிற்று. 1994இல் பால் அறியும் பரிசோதனைக்கு எதிராகச் சட்டம் இயற்றினார்கள். 1991இல் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 945 பெண் பிள்ளைகள் இருந்தார்கள். 2001இல் 927. ஊசியைவிட ஊறு செய்யாத கருவி ஊசியைவிட அதிகமான பெண் சிசுக்களுக்கு எமனாயிற்று. ஊறு செய்யாததால்தான் அது அவ்வளவு தூரம் பரவிற்று.

பார்வை எளிதாகும்போது எல்லாரையும் பார்க்கிறோம். கலங்களைப் பிய்த்தெடுக்கும் முறையில் ஆபத்து இருந்ததால், வைத்தியரும் பெற்றோரும் தயங்கினார்கள். உண்மையிலேயே வேண்டுமா என்று ஒரு தடவை யோசித்தார்கள். எறியப்போகும் திரவத்தைச் சோதிக்க எவர் யோசிப்பார்? இருபத்தொரு விநாடி யாருக்குக் கனக்கும்?

இனி வார்த்தைக்கு வருவோம். இப்பரிசோதனைகளின் நோக்கம் முளையத்தின் உயிர்த்திறனை அறிவது என்கிறார்கள். நம் பேச்சு வழக்கில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. பிள்ளைப்பேற்று அறைக்கு வெளியே நிற்கும் பாட்டி, "பிள்ளை பிழைக்குமா?" என்று கேட்பாள். பரீட்சைப் பெறுபேற்றைப் பார்க்கும் மாமா, "இவன் தேறமாட்டான்" என்பார். முதற்கேள்வி பிள்ளைக்காகக் கேட்கப்படுவது. இரண்டாவது பிள்ளையின்மேல் சொல்லப்படும் தீர்ப்பு. வைத்தியச் சொல் இவ்விரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டது. இருபத்தோராம் நிறமூர்த்தம் ஒன்று கூடுதலாக உள்ள முளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது பிழைக்கக்கூடியது. அப்படிப் பிறந்தவர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். ஞாயிறு பூசையில் எல்லாருக்கும் முந்திச் சமாதானம் சொல்ல ஓடி வருகிறவர்கள் அவர்களே. ஆயினும் பரிசோதனைத் தாளில் அந்த முளையம் ஆகாதவற்றின் பட்டியலில்தான் வரும். பிழைக்குமா என்று கேட்கத் தொடங்கியவர்கள், தேறுமா என்று தீர்ப்பெழுதி முடிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டைத் தாண்டியபோது எவரும் மணியடிக்கவில்லை.

மலையகத்தில் வளர்ந்தவர்களுக்குத் தரம் பிரிப்பது புதிதல்ல. நம் தாய்மார் கூடையில் கொண்டுவந்த கொழுந்து தொழிற்சாலைக்குள் போய், சல்லடை சல்லடையாக இறங்கி, பி.ஓ.பி. என்றும் டஸ்ற் என்றும் பெயர் பெற்று வெளியே வரும். தேயிலைக்கு அது அழகு. குடிப்பவனுக்காகத்தான் தேயிலை இருக்கிறது. ஆகவே குடிப்பவனுடைய நாக்கு அதற்கு அளவுகோலாகலாம். பிள்ளை யாருக்காக இருக்கிறது? அந்த ஐந்து வரித் தாளைக் கையில் வாங்கியபோது என்னைச் சுட்டது, எழுத்துக்கள் தேயிலைப் பெட்டியின்மேல் அச்சடித்த எழுத்துக்களைப் போலவே இருந்தமைதான். ஒப்பீடு சற்றுக் கடுமையானது என்று தெரியும். எழுதியவர் நல்ல மனத்தோடுதான் எழுதியிருப்பார்.

கற்றவர்கள் ஒரு மறுப்புச் சொல்வார்கள். இயற்கையே எத்தனையோ முளையங்களைக் கைவிடுகிறதே. தாய்க்குத் தெரியாமலே பல கழிந்துபோகின்றனவே. இயற்கை செய்வதை மனிதன் செய்தாலென்ன? இது கேட்பதற்குப் பலமான வாதம். ஆனால் நம் சரித்திரத்திலிருந்தே இதற்கு விடை சொல்லலாம். 1974ஆம் ஆண்டு உணவுத் தட்டுப்பாட்டின்போது நம் தோட்டங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை ஒரு வயது காணாமல் மாண்டன. லயங்களில் அந்தக் காலத்தைப் பார்த்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். குழந்தைகள் அவ்வளவு எளிதாகச் செத்தார்கள் என்பதனால் ஒரு குழந்தையின் உயிருக்கு விலை குறைந்துவிட்டதா? எப்படியும் பாதி சாகும் என்று எந்தத் தாயாவது பிள்ளைகளுக்குள் தெரிந்தெடுத்தாளா? சாவு அதிகமாக இருப்பது மருந்து கொடுப்பதற்குக் காரணமாகும். சாவுக்கு ஆள் பொறுக்குவதற்குக் காரணமாகாது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. அதைத்தான் அந்தத் தம்பதியரும் இரண்டாம் முறை வந்தபோது சொன்னார்கள். "நாங்கள் ஒன்றையும் எறியப்போவதில்லை, ஃபாதர். எது முதல், எது பிறகு என்றுதான் கேட்கிறோம்." உள்ளபடியே இதற்கு எனக்குச் சட்டென்று விடை தோன்றவில்லை. நான்கையும் ஒவ்வொன்றாகத் தாயின் கருப்பைக்குக் கொண்டுபோவது உறுதியானால், வரிசையை மட்டும் அறியப் பார்ப்பதை, அழிப்பதற்காகப் பார்ப்பதோடு ஒன்றாக்க என்னால் முடியவில்லை. அது அநீதி என்று ஆணையிட்டுச் சொல்லமாட்டேன். ஆயினும் வரிசைக்கு என்ன நேர்கிறது என்பதை அனுபவம் சொல்கிறது. முதலாவது தங்கிப் பிள்ளை பிறந்துவிட்டால், பணமும் பலமும் வயதும் வரிசையின் கடைசியில் இருப்பதைக் கூப்பிட விடுவதில்லை. இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் சட்டப்படி முளையத்தைப் பத்தாண்டுக்கு மேல் உறைவில் வைக்க முடியாது. பின்னர் அது அழிய விடப்படும். அல்லது பெற்றோர் சம்மதித்தால் ஆராய்ச்சிக்குக் கொடுக்கப்படும். பிரித்தானியாவில் 1996 ஆகஸ்டில், கெடு முடிந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முளையங்களை ஒருசேர அழித்தார்கள். அவை எல்லாமே ஒரு காலத்தில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்கப்பட்டவைதான். கடைசி வரி என்பது பெரும்பாலும் வராத வரி. புதிய பரிசோதனை அதை இன்னும் உறுதியாகக் கடைசிக்குத் தள்ளும்.

இந்தச் சிகிச்சையைப் பற்றியே திருச்சபை என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. 12ஆம் பத்திநாதர் 1956இலேயே, இது நடைமுறைக்கு வருவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முன்னரே, சோதனைக்குழாயில் மனிதக் கருவை உண்டாக்கும் முயற்சி ஆகாது என்றார். 1987இல் அதற்கான நியாயம் விரித்துரைக்கப்பட்டது. பிள்ளை கணவன் மனைவியின் அன்பு உறவிலே பிறக்க வேண்டியது. தொழில்நுட்பத்தின் உற்பத்தியாக வரவேண்டியதல்ல. பிள்ளை பெற்றோரின் உரிமை அல்ல, கொடை. 2008இல் வந்த ஏடும் இதையே உறுதிப்படுத்தியது. நான் அம்பிட்டியாவில் படித்தபோது, இந்த நியாயம் சற்று உயரத்திலிருந்து பேசுவதாக நினைத்ததுண்டு. அந்த ஐந்து வரித் தாளைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை. உற்பத்தி செய்யப்பட்டதற்குத்தான் தரப் பரிசோதனை வேண்டியிருக்கிறது. பிறந்த பிள்ளைக்கு ஒரு தாய் தரச் சான்று கேட்பதில்லை.

ஆனால் அதே திருச்சபை பெற்றோரைக் கல்லெறியவில்லை. 1978 ஆகஸ்டில், இங்கிலாந்துக் குழந்தை பிறந்து ஒரு வாரத்தில், வெனிஸ் நகரின் முதுபெரும் தந்தை அல்பீனோ லூச்சியானியிடம் பத்திரிகையாளர் அபிப்பிராயம் கேட்டார்கள். அவர் அம்முறையைப் பற்றித் தம் ஐயங்களை மறைக்கவில்லை. எனினும் முதலில் குழந்தைக்கு வாழ்த்துச் சொன்னார். பெற்றோர் நல்ல மனத்தோடு செய்திருந்தால் அவர்களைக் கண்டிக்கத் தமக்கு உரிமையில்லை என்றார். அந்த மாதம் முடியுமுன் அவரே முதலாம் அருளப்பர் சின்னப்பர் என்ற பெயரில் பாப்பரசரானார். எந்த முறையில் வந்தாலும் பிறந்த குழந்தை இறைவனின் கொடையென்றே ஏற்கப்பட வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் ஏடும் சொல்கிறது. இதை நம் பங்குகளில் சிலர் கவனிக்க வேண்டும். அப்படிப் பிறந்த ஒரு பிள்ளையின் முதல் நற்கருணை நாளில், பின் வரிசையில் நடந்த கிசுகிசுப்பை நானே என் காதால் கேட்டிருக்கிறேன்.

கேட்டதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லவேண்டும். பிள்ளையில்லாதவர்களை இந்த வழிக்குத் துரத்துவதில் நமக்கும் பங்குண்டு. மலடி என்ற சொல்லை நம் பெண்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. வளைகாப்புக்கு அழைக்காமல் விடுவதும், ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் கொடுக்காமல் நகர்ந்துவிடுவதும் இன்றும் நடக்கின்றன. குருக்களாகிய நாங்கள் குடும்ப ஞாயிறு தவறாமல் பிள்ளைச் செல்வத்தைப் பற்றிப் பிரசங்கம் வைக்கிறோம். அந்த நேரத்தில் அந்தத் தம்பதியர் எங்கே பார்ப்பார்கள் என்று நான் யோசித்ததில்லை. அவர்தான் சொன்னார்: "நாங்கள் அன்றைக்கு மட்டும் வேறு ஆலயத்துக்குப் போவோம்." சீலோவில் அன்னா அழுதபோது குடித்திருக்கிறாள் என்று நினைத்தவரும் ஒரு குருதான். தத்தெடுப்பதற்கு 1941ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் சட்டம் உண்டு. தத்துப் பிள்ளைக்கு நம் வீடுகளில் இடமுண்டா என்பது வேறு கேள்வி.

சரி, என்ன சொன்னேன்? இது என் தனிப்பட்ட ஆலோசனை என்று சொல்லித்தான் சொன்னேன். உறைவில் கிடக்கும் முளையங்களைப் பற்றி 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1996இல், இனியும் அவற்றை உண்டாக்காதீர்கள், உண்டாக்கியவற்றுக்கு நேரிய வழி தெரியவில்லை என்ற பொருளில் வைத்தியர்களை மன்றாடினார். 2008ஆம் ஆண்டின் ஏடும் இந்த அநீதிக்குத் தீர்வில்லை என்று ஒப்புக்கொண்டது. தீர்வில்லாத இடத்தில் நான் தீர்வு சொல்ல முடியாது. ஆனால் தம் சொந்தப் பிள்ளைகளைத் தாயே மீட்டுக்கொள்வதைக் குற்றமென்று சொல்லாத அறநெறி அறிஞர் பலர் உண்டு. நானும் அப்பக்கமே சாய்கிறேன். ஆகவே சொன்னேன்: புதிதாக ஒன்றையும் உண்டாக்கச் சம்மதிக்காதீர்கள். இருக்கும் நான்கையும் உங்கள் பிள்ளைகளென்றே எண்ணுங்கள். பரிசோதனை வேண்டாம். வரிசை வேண்டுமென்று வைத்தியர் கேட்டால், தாளில் எழுதியிருக்கிறபடி கடைசியிலிருந்து தொடங்கச் சொல்லலாமே என்றேன். கணவர் என்னை வெறித்துப் பார்த்தார்.

"கடைசியில் இருப்பது பிழைக்காவிட்டால், ஃபாதர்? எங்களிடம் இன்னொரு பயணத்துக்குத்தான் பணம் இருக்கிறது."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. சிகிச்சை நிலையத்துக்குப் பணம் கட்டும் வேலையும், ஊசி போட்டுக்கொள்ளும் வேதனையும், வெறுங்கையோடு திரும்பும் துக்கமும் என்னுடையவை அல்ல. கடைசியிலிருந்து தொடங்கச் சொன்னதை மீட்டுக்கொண்டேன். எந்த வரிசையில் போனாலும் நான்கையும் கைவிடமாட்டோம் என்ற வாக்குறுதியையே கேட்டேன். அவர் சிறிது நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, முயல்கிறோம் என்றார். வாக்குறுதி என்று சொல்லவில்லை. திரவப் பரிசோதனை வேண்டாமென்று எழுதிக் கொடுப்பதாக மனைவி சொன்னார். பயணச் செலவில் ஒரு பகுதியைத் திரட்ட முடியுமா என்று இரண்டொரு நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன். சிகிச்சைக்குப் பணம் சேர்க்கும் குருவானவர் என்று என்மேல் குறைப்பட விரும்புவோர் குறைப்படலாம். நான் சேர்ப்பது ஏற்கெனவே உண்டாகிவிட்ட நான்கு பேரை வீட்டுக்கு அழைத்துவருவதற்கே.

புறப்படும்போது அந்தச் சகோதரி பையிலிருந்து காசை எடுத்து மேசையில் வைத்தார். பூசைக் கருத்து ஒன்று எழுத வேண்டும் என்றார். யாருக்காக என்று கேட்டேன். அவர் தாளை விரித்து ஐந்தாம் வரியில் விரலை வைத்தார். பூசைப் புத்தகத்தில் பெயர் எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று இருவரும் சற்று யோசித்தோம். குடும்பப் பெயரை மட்டும் எழுதி, பிள்ளை என்று சேர்த்தேன். வியாழக்கிழமை காலை ஆறு மணிப் பூசை. மழையிலும் இருவரும் வந்திருந்தார்கள்.